கங்கைக்கரையில் கத்திச் சொன்னது

மார்கழி 15

காலை நடை. மழை தூறியும் கமலாதேவி வந்தார். நீலக் குடை. வங்கி மனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, அறுபத்தைந்து வயதில் ஒரு குடையின் நிறத்தை எழுதி வைக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

துறைமுகத்துக்குள் நின்ற கப்பலைக் காட்டினேன். "ஓம் அண்ணை, பெரிசுதான்" என்றார். அண்ணை. எங்கள் நடைக்கூட்டத்தில் எல்லாருக்கும் நான் சோமண்ணைதான். மற்றவர்கள் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. இவ கூப்பிட்டால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தின மாதிரி இருக்கிறது. அண்ணை என்று கூப்பிடுகிறவவிடம் போய்க் கலியாணம் கேட்க ஏலுமா? ஊர் காறித் துப்பும்.

மார்கழி 22

ஸெய்னுதீனிடம் சொல்லிவிட்டேன். கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருக்கிறவன், பழைய சிநேகிதன். கேட்டுவிட்டுத் தேத்தண்ணி புரைக்கேறும்வரை சிரித்தான். பிறகு, "மச்சான், உங்கட மனுசி போய்ச் சேந்து எத்தின வருசம். கமலாதேவிட புருசனும் இப்ப இல்ல, பிள்ளையும் இல்ல. இதுல என்ன பிழை? கேளுங்க" என்றான்.

தை மாதம் நடைக்கூட்டத்தை மகாவலி கங்கைக்கரைக்குக் கூட்டிப்போகிறானாம். காட்டுக்குள்ளால் முழுநாள் நடை. "அங்க வெச்சுக் கேளுங்க, அவவுக்கு ஓட இடமில்ல." அவன் மனைவி மைமூனாவுக்குச் சொல்லாதே என்றேன். தலையாட்டினான். சொல்லியிருப்பான்.

மார்கழி 29

கொழும்பிலிருக்கிற மகள் கீர்த்தனிக்குப் போன் எடுத்தேன். மழை, விலைவாசி, பேரனின் பல்வலி என்று சுற்றிச் சுற்றிக் கதைத்துவிட்டுக் கடைசியில் சொல்லிப்போட்டேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கிறன் அப்பா. அவவுக்கு விருப்பமோ?"

"இன்னும் கேக்கேல்லை."

"அவவைக் கேக்காமலோ எனக்குச் சொல்லுறீங்கள்?"

சிரித்தாள். அழுதாளோ? இரண்டும்தான் போல.

தை 12

புதுச் சப்பாத்து காலைக் கடிக்கிறது. வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்து பழகுகிறேன். பேச்சையும் பழகுகிறேன். "கமலாதேவி, உங்களிட்டை ஒரு கதை..." இல்லை. அரசாங்கக் கச்சேரியில் மனுக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

தை 26



விடியற்காலை பஸ்ஸில் போனோம். மாரி மழை விட்டு, கங்கை கரை முட்ட ஓடுகிறது. வழி காட்ட வந்த காட்டுக் காவலர் கஜீபன், தம்பலகாமத்துக்காரர், "யானை நிக்கிற இடம். கதைக்கிறதெண்டால் மெல்லக் கதையுங்கோ" என்றார். பாதையில் கிடந்த யானை லத்தியில் இன்னும் ஆவி பறந்தது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மருத மரங்கள், ஈர மணல், எதிர்க்கரையில் வாயைத் திறந்தபடி ஒரு முதலை. என் முழங்கால் நோ எங்கே போனதென்று தெரியவில்லை.

மைமூனா மற்றவர்களை முன்னுக்கு இழுத்துக்கொண்டு போனார். (சொல்லித்தான் இருக்கிறான்.) நானும் கமலாதேவியும் பின்னுக்கு. மெல்லச் சொன்னேன்: "இனி என்னை அண்ணை எண்டு கூப்பிடாதேங்கோ."

அவர் நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மனேஜரா இருந்தனீங்கள், நான் யோசிக்காமல் கூப்பிட்டிட்டன்" என்றார். அதற்குப் பிறகு ஐயா. "ஐயா, முள்ளு, பாத்து." "ஐயா, தண்ணி வேணுமோ?" கடவுளே. அண்ணையாவது வீட்டுக்குள் இருந்தது. ஐயா என்றால் படலைக்கு வெளியே.

விளக்கம் சொல்ல வாயெடுக்க, ஒரு வாய்க்கால் வந்துவிட்டது. இருந்த எரிச்சலில் கஜீபன் காட்டிய இடத்தை விட்டுப் பக்கத்தில் காலை வைத்தேன். முழங்கால்வரை சேறு. இழுக்க இழுக்க உள்ளே போகிறது. கமலாதேவி ஓடிவந்து கையை நீட்டி, "பிடியுங்கோ ஐயா" என்றார்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஐயாவும் வேண்டாம், அண்ணையும் வேண்டாம். எனக்கு உங்களைக் கலியாணம் முடிக்க விருப்பம்" என்று கத்திவிட்டேன். மரத்திலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

கஜீபன் பதறிக்கொண்டு வந்து, "மெல்ல, மெல்ல, யானை" என்றார். ஸெய்னுதீன் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கமலாதேவி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. "முதல்ல மேல ஏறுங்கோ" என்றார்.

ஏறினேன். ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. திரும்பும்போது அவர் மைமூனாவோடு முன்னுக்கு நடந்தார். ஆனால் கரையேறின பிறகும் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன், கண்பட்டுவிடும்.

தை 30

நாலு நாளாக அவர் நடைக்கு வரவில்லை.

மாசி 2

இன்றும் இல்லை. அடேய் சோமசேகரம், சேற்றில் நின்றுகொண்டா கேட்பாய்? இனி அந்த நீலக் குடையும் இல்லை. நாசமாக்கிப்போட்டேன்.

மாசி 5

வந்தார். துறைமுகம்வரை நடந்தோம். பிறகு கடலைப் பார்த்தபடி, "நான் என்ர வீட்டை விட்டு வரமாட்டன்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் சோற்றை மூடி வைத்துவிட்டேன். மாட்டேன் என்றுதானே சொன்னா? பின்னேரம் ஸெய்னுதீனுக்குப் போன் எடுத்து ஒப்பாரி வைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஆர் மனேஜர் வேல தந்த? அது ஓம் மச்சான். அவ வரமாட்டா எண்டா நீங்க அங்க போங்க. பெட்டியக் கட்டுங்க" என்றான்.

ஓமா? ஓம்தான். ஓம். முன்னறைக்கும் குசினிக்கும் இடையில் இரண்டு தரம் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வைகாசி 18

விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன். சுவரில் எனக்கு இன்னும் பழகாத சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைத் தட்டினேன், வெளிவாசல் லைட் எரிந்தது. இன்னொன்றைத் தட்டினேன், முன்னறையில் மின்விசிறி சுழன்றது. இருட்டில் தடவிக்கொண்டு நின்றேன்.

"கடைசிச் சுவிட்ச்" என்று அறைக்குள்ளிருந்து கமலாவின் குரல் வந்தது.