தாண்டிவிட்ட பக்கங்கள்

1951 நவம்பர் 15, வியாழன்.

செபமாலை முடிந்ததும் புனிதர் சரித்திரத்தில் ஒரு பக்கம் வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் வீட்டுக்காரருக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசிப்பேன். வேதசாட்சிகளை வதைக்கும் இடம் வந்தால், சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களே என்று தாண்டிவிடுவேன்.

போன மாதம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் கொடுத்தார்கள் என்று வேறொரு புத்தகம் கொண்டுவந்தார். போன நூற்றாண்டு அமெரிக்க வக்கீல் ஒருவனின் கதை. மரம் வெட்டிப் பிழைத்தவன், தானே சட்டம் படித்து, ஏழைகளுக்காக வாதாடி, சட்டசபைக்குப் போனான். அதை வாசித்தபோது, நடுவில் அவன் மூன்று தேர்தலில் தோற்றதையும், அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போனதையும் பழக்கதோஷத்தில் தாண்டிவிட்டேன்.

இன்று துறைமுகத்திலிருந்து வந்ததும் சொன்னார்: "எலீக்சன்ல நிக்கப் போறேன்மே. வேலைல இருந்துகினு நிக்கக் கூடாதாம். நாளைக்கே வுட்டுடறேன்."

"இன்னாங்க இது? நாலு புள்ளைங்க கீதுங்க."

"அந்த வக்கீலு ஒரு தபாவாவது தோத்தானா? நீதானே படிச்சே!"

புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கங்களை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

"அன்னிக்கு இல்லாதது இன்னிக்கு எங்கேந்து வந்துச்சு? என்னைத் தடுக்க நீயே கட்டி வுடறே."

மாதாவே, எழுத்து அங்கேயேதான் இருக்கிறது. அவருக்கு எப்படிக் காட்டுவேன்?

வேலையை விடும் கடிதத்தையும் என்னையே எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். தாள் இந்த நோட்டுக்கு அடியில் இருக்கிறது. தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.