ஏக்கருக்கு ஒரே ரேட்

ஜனவரி 19, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் எதிர் வரப்பு தெரியவில்லை. நெல் ஈரம் காய்ந்து அறுவடை வண்டி இறங்க பத்தாகிவிடும்.

பால்காரருக்குச் சொல்லணும். வண்டிக்கு கிரீஸ். இவருக்கு முதுகுத் தைலம்.

பெரியசாமி மாமா போன். நாங்கள் வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் நெல்லை எங்கள் வண்டிதான் அறுக்கிறது. அந்த உரிமையில் சொன்னார்: "இன்னாம்மா உமா, சேகர் மணிக்கு ரெண்டாயிரத்து முன்னூறுன்றான். நீ இன்னும் ரெண்டாயிரத்து ஐநூறுலயே நின்னுகினு இருக்கற?"

சேகர். நாலு வருஷம் எங்கள் அறுவடை வண்டியை ஓட்டியவன். கியர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். போன வருஷம் எங்கோ ஒரு பழைய வண்டியைப் பிடித்து, பெயின்ட் அடித்து, கச்சிராயபாளையத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். எங்களுடையது போலவே பெல்ட் வண்டி. சேற்றிலும் இறங்கும். இந்த வாய்க்கால் பக்கம் அதுவரை நாங்கள் மட்டும்தான்.

நான் 2200 என்றேன். மாமாவுக்கு உடனே குரலில் தேன்.

இந்தத் தை அறுப்பில் வேலை பிடிக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு இவர் மறுபடி கர்நாடகா பக்கம் அடுத்தவன் வண்டி ஓட்டப் போகவேண்டும். பதினோரு வருஷம் போனார். பிள்ளைகளுக்கு அப்பா என்றால் போன் என்று ஆகியிருந்தது. இன்னொரு தடவை என்னால் முடியாது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

மூடுபனி இல்லை. வெயில்.

சேகர் இப்போது 2100. அதோடு நெல் காயவைக்க இரண்டு நாளுக்கு தார்பாய் இலவசம்! யார் இவனுக்கு இதெல்லாம் சொல்லித்தருகிறார்கள்?

அவனிடம் போனவை: பெரியசாமி மாமாவின் மேட்டு வயல் 4 ஏக்கர். அணைக்கட்டுப் பக்கம் இரண்டு பேர். கோவில் பின்னால் அக்கா தங்கை மூவரும், ஒரே போனில்.

டீக்கடையில் பின்பக்கமாக நின்று பால் வாங்கினேன். உள்ளே பேச்சு.

"நீ சேகருக்கு போன் போட்டு உமா ரெண்டாயிரம்னு சொல்றான்னு சொல்லு. அவன் ஆயிரத்து தொள்ளாயிரத்துக்கு வருவான்."

"பொய்யாச்சே."

"அவங்க நம்மகிட்ட சொன்னதெல்லாம் இன்னா நெசமா?"

சிரிப்பு. பால் பாத்திரத்தோடு அப்படியே திரும்பிவிட்டேன். உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வாடிக்கைக்காரர்கள் ஆச்சே.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். தட்டில் கை வைத்தபடி, "அவன் கம்மி பண்ணா நாமளும் கம்மி பண்ணிகினே போவ முடியுமா? டீசல்காரன் கம்மி பண்றானா?" அதற்குமேல் பேச்சு வராது இவருக்கு.

படுத்துக்கொண்டே யோசித்தேன். விவசாயிக்கு எது பயம்? ரேட் இல்லை. கடிகாரம். வண்டி இறங்கியதும் வரப்பில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டிரைவர் தண்ணி குடித்தால் மணி ஓடுகிறது, திருப்பினால் மணி ஓடுகிறது, ஒன்றுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். அந்தப் பயத்தைத் தூக்கிவிட்டால்?

மணி கிடையாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்! நல்ல வயலில் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் இவர் கை அறுக்கும். 2300 வைத்தால் 2100க்கு மேலேயே நிற்கும், ஆனாலும் மலிவாகத் தெரியும்.

எழுப்பிச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "சாஞ்ச நெல்லு?" என்றார்.

"எல்லாம் கலந்துகட்டி சரியாப் போயிடும்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 21, புதன்

டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி. உட்கார இடமில்லை. நோட்டீஸ் ஐநூறு, மஞ்சள் தாள். அச்சகத்துப் பையன் 'அறுவடை'யில் சின்ன ர போட்டிருந்தான். நின்று பார்த்துத் திருத்தியாச்சு.

'மணிக்கணக்கு இல்லை. கடிகாரம் பார்க்க வேண்டாம். எந்த வயலானாலும் ஏக்கருக்கு ஒரே ரேட், ரூ. 2300.' கீழே என் நம்பர், இவர் நம்பர்.

'எந்த வயலானாலும்' என் சொந்தச் சேர்க்கை. படிக்கும்போது எடுப்பாக இருந்தது.

உரக்கடை, டீக்கடை, ரேஷன் கடை சுவர், பால் சொசைட்டி. பேப்பர் போடுபவரிடம் நூறு. வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் போன் மேல் போன். பதினான்கு பேர்! நைனார்பாளையத்திலிருந்துகூட ஒருவர், அவ்வளவு தூரம் வரமுடியாது என்றேன், வருத்தப்பட்டார். பெரியசாமி மாமாவே தன் பள்ளத்து வயல் 2 ஏக்கருக்குப் பெயர் சொன்னார். "உன் மூளையே மூளைம்மா" என்றார்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து அண்ணன் போன். அங்கே வரை நோட்டீஸ் போட்டோ போயிருக்கிறது. "இன்னா, பெரிய கம்பெனி ஆயிட்டியா?" என்று கிண்டல். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

சேகர் சத்தமே இல்லை.

ஜனவரி 22, வியாழன்

மேகம் கொஞ்சம். காற்று.

முதல் வயல்: ஒன்றேகால் ஏக்கர். மூன்று மணி நேரம்.

இரண்டாவது: முக்கால் ஏக்கர். இரண்டு மணி நேரம், நடுவில் அறுப்புப் பல்லில் சேறு அடைத்து, இவர் கீழே படுத்து நோண்டி எடுத்தார்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். வயலில் நெல் நிற்கவில்லை. ஆள் படுத்துப் புரண்ட பாய் மாதிரி கிடக்கிறது. சாய்ந்த நெல்லில் வண்டி ஒரு பக்கமிருந்து மட்டும்தான் அறுக்கமுடியும். அறுத்துவிட்டு வெறுமனே திரும்பிவந்து மறுபடி அதே பக்கத்திலிருந்து. டீசல் தண்ணியாகப் போகிறது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெயர் கொடுத்த பதினான்கு வயலையும் பார்த்துவரப் போனேன். ஒன்பதோடு திரும்பிவிட்டேன். எல்லாம் சாய்ந்தது. இல்லையென்றால் முழங்கால் சேறு. இல்லையென்றால் தாம்பாளம் அளவுக்குத் துண்டு துண்டு வயல்.

நல்ல வயல்கள்? அவை எல்லாம் சேகரிடம். நிமிர்ந்து நிற்கும் நெல்லை மணிக்கணக்கில் அறுத்தால் சீக்கிரம் முடியும், காசு மிச்சம். படுத்த நெல்லுக்கு மணி பார்த்தால் சொத்தே போகும், அதற்குத்தான் உமா இருக்கிறாளே.

பெரியசாமி மாமா வீட்டுக்கே போனேன். அவருடைய மேட்டு வயலில் சேகர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நெல் நெஞ்சு உயரம், சீவிவிட்டது மாதிரி நேராக.

"நல்லத அவனுக்குக் குடுத்துட்டு, கெட்டத எங்க தலையில கட்றீங்களே மாமா!"

அவர் கோபப்படவே இல்லை. பல்குச்சியை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கோச்சிக்காதம்மா. யாரா இருந்தாலும் தனக்கு எது கம்மியோ அதத்தான பாப்பாங்க? எந்த வயலானாலும்னு எழுதனது நானா?"

வழியெல்லாம் அழுகை. ஆத்திரம் அவர்மேல் இல்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லையே என்று.

ஜனவரி 23, வெள்ளி

வெயில் வந்துவந்து போகிறது. டி.வி.யில் ஞாயிறு மழை என்கிறான்.

காலையிலேயே முடிவு செய்தேன், சாய்ந்த நெல்லுக்குத் தனி ரேட் என்று மாற்றிவிடுவது. முதல் ஆளிடமே சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

இவர் குறுக்கே வந்து, "அறுத்துக் குடுக்கறன் நீ போப்பா" என்றார்.

பிறகு என்னிடம்: "பேர் வாங்கிக்கினோம். முடிச்சிடலாம். புதுசா வர்றவங்களுக்கு மட்டும் வேற சொல்லிக்க."

புதுசாக யார் வருகிறார்கள்.

நேற்று இரவு குளித்துவிட்டு வந்து தரையில் குப்புறப் படுத்தார். தைலம் தேய்த்தேன். முதுகு கல். "வலிக்குதா" என்றால், "இல்ல" என்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கள் சொந்த வயல் மூன்று ஏக்கர், பொன்னி. மறந்தேபோனது மாதிரி நிற்கிறது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கதிரை உருவினால் கையில் கொட்டுகிறது. அறுத்து நாலு நாள் ஆகியிருக்கணும். மழை விழுந்தால் எங்களுடையதும் படுத்துவிடும்.

வண்டி வைத்திருப்பவன் நெல் வயலிலேயே கிடக்கிறது. ஊருக்குச் சிரிக்க வேறு என்ன வேணும்.

கத்தரிக்காய் வாங்க மறந்தாச்சு. ரசம்தான்.

ஜனவரி 24, சனி

கல்வராயன் மலைமேல் கருப்பு. இங்கே புழுக்கம்.

பாக்கி: எட்டு வயல். இவர் கணக்கில் செவ்வாய் ஆகும்.

நம்ம நெல்லை முதலில் அறுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அவங்களுக்கும் அதே மழதான பெய்யும்?" என்றுவிட்டு வண்டி ஏறிவிட்டார். சில நேரம் இவர் நல்ல குணத்தைத் தூக்கி அடுப்பில் போடலாம் போலிருக்கிறது.

வெளி வண்டிக்கு அலைந்தேன். சின்னசேலம்: புதன் வருகிறேன். தியாகதுருகம்: ரிப்பேர். ஆத்தூர் புரோக்கர்: டயர் வண்டிதான் இருக்கு. எங்கள் வயல் ஈரத்துக்கு டயர் வண்டி இறங்கினால் அங்கேயே குடியிருக்கவேண்டியதுதான்.

மிச்சம் ஒரே ஒரு நம்பர்.

மூன்று தடவை எடுத்து வைத்தேன். நாலாவது தடவை போட்டேன்.

"அக்கா?" என்றான், நாலு வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அதே குரல். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "நாளைக்கு பனி வெலகனதும் வந்துடறேன்க்கா. மொத வேல உங்களதுதான்."

ரேட் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ஆச்சரியமே படவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பனி கம்மி. ஒன்பதரைக்கே சேகர் வண்டி வந்துவிட்டது.

வரப்பில் நான். கையில் போன். அவன் திருப்பும்போது மணி பார்த்தேன், தண்ணி குடித்தபோது மணி பார்த்தேன். பக்கத்து வயலில் மாடு கட்ட வந்த பெண் என்னையே பார்த்துவிட்டுப் போனாள்.

நெல் நிமிர்ந்திருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம். மூன்று ஏக்கரும் டிராக்டரில் ஏறியாச்சு. உயிர் வந்தது.

"எவ்வளவு சேகர்?"

"இப்ப மணிக்கு ரெண்டாயிரத்து ஐநூறு ஆக்கிட்டேன்க்கா."

"பழைய ரேட்டா!"

"ஆமா. நல்ல வயலுக்கு மணிக்கணக்குல என் வண்டி ஒண்ணுதான இருக்குது. அதான் ஏத்திட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "உங்களுக்கு ரெண்டாயிரத்து நூறு போதும்" என்றான்.

2500 கணக்கிலேயே கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றான். வண்டி சீட் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பின்னாலேயே இறங்கி வந்தான். செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரு வாரமா நல்ல வயலாவே வந்துது, வேல சீக்கிரம் முடிஞ்சிது. உண்மையச் சொன்னா உங்க நோட்டீஸாலதான். ரெண்டாவது வண்டி ஒண்ணு எடுக்கறேன். கை சுத்தமா ஓட்றதுக்கு ஆள் வேணும். அண்ணன் வந்தா நல்லா இருக்கும். வெளியூர் எங்கயும் கெடையாது, டெய்லி வூட்டுக்கு வந்துடலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவர்கிட்ட இதக் கேட்டுடாத சேகர். ஒடஞ்சி போயிடுவாரு."

அவன் விழித்தான். "அண்ணன்கிட்ட வெள்ளிக்கிழமையே கேட்டுட்டேன்க்கா. சரின்னாரு. உங்க வண்டிய இந்த சீசனோட வித்துடலாம்னாரு. அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கன்னாரு, அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை. அன்று இரவும் முதுகுக்குத் தைலம் தேய்த்தேன். நேற்றும். ஒரு வார்த்தை இல்லை.

இவர் ஊரோடு இருக்கணும் என்றுதான் எல்லாம் செய்தேன். இருப்பார். இதைவிட என்ன வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தான் கற்றுக்கொடுத்தவனிடம் போய்க் கூலிக்கு ஓட்டுவார். நினைக்க நினைக்கப் பொறுக்கவில்லை.

நாலரைக்கு மழை. இவர் நனைந்துகொண்டு வந்தார். பெரியசாமி மாமாவின் பள்ளத்து வயல் பாதியில் நிற்கிறதாம், அதுதான் கவலை அவருக்கு. குழாயடியில் கால் கழுவும்போது கேட்டேன், "ஏன் எங்கிட்ட சொல்லல?"

சேற்றை வழித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"சொல்லியிருந்தா நீ இன்னொரு நோட்டீஸ் அடிச்சிருப்ப."

சோறு போட்டேன். சாப்பிடுகிறார்.