நனைந்த இழையும் காய்ந்த இழையும்

துரியால்பா, அக்டோபர் 9

அன்பு மகள் யாதிராவுக்கு,

நானும் அம்மாவும் நலம், கொய்யா மரத்துச் சிலந்திகள் எங்களைவிட நலம், கொழுத்துப்போய்த் தொங்குகின்றன. அந்த ஸ்வீடன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். நம் ஊர் எரிமலை இந்த மாதம் சும்மா இருக்கிறது, உன் அம்மாதான் பொங்குகிறாள். காரணம் நான்தான், சொல்கிறேன்.

உன் ஆராய்ச்சிக்கு நீ கேட்டபடி பெரிய மஞ்சள் சிலந்தியைப் பிடித்து, கால் நோகாமல் பஞ்சில் பதித்து, இழையை இழுத்து மூங்கில் பிளாச்சுச் சட்டத்தில் முந்நூறு சுற்று விறைப்பாகச் சுற்றி, வாசலில் வெயிலில் வைத்தேன். வியாழன் மத்தியானம் மலையிலிருந்து மழை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இழையெல்லாம் சுருங்கி, பிளாச்சு உள்ளே வளைந்து, சட்டம் பட்டினி கிடந்தவன் வயிறுபோல ஒட்டிவிட்டது. நீ படம் போட்டு எழுதியது அப்போதுதான் புரிந்தது, இழையின் புரதச் சங்கிலியில் அலனின் என்ற கண்ணி வரிசையாக வரும் இடங்கள் தகடு தகடாக அடுக்கி இறுகிக் கிடக்கும், பலம் அங்கேதான், நடுவில் கிளைசின் என்ற கண்ணி நிறைந்த இடங்கள் தளர்வானவை, இழுத்துப் பிடித்ததால்தான் நீண்டு நிற்கின்றன, தண்ணீர் பட்டால் பிடி விட்டுச் சுருண்டுகொள்ளும் என்று எழுதியிருந்தாயே.

மறந்துவிட்டேன் என்றுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். “ஏன்யா, கோழிய உள்ள அடைச்சே, காயப்போட்ட துணிய எடுத்தே, புள்ளையோட சட்டத்த மட்டும் நனைய விட்டுட்டு காப்பிய உறிஞ்சிக்கிட்டே பாத்துக்கிட்டு நின்னியே, அதுக்குப் பேரு மறதியா?” என்று பிடித்துக்கொண்டாள். மறதி இல்லை மகளே. இந்த மாதத்துக்குள் நல்ல இழை கிடைக்காவிட்டால் பேராசிரியர் ஆராய்ச்சியை மூடிவிடுவார், டிசம்பரில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ, எனக்கே தெரியாது. நாலு கிறிஸ்துமஸாக, வாழையிலையில் கட்டி அவிக்கும் தமாலில் உன் பங்கையும் நானே தின்கிறேன். இருந்தாலும் செய்தது தப்பு, வெட்கமாக இருக்கிறது.

வெள்ளியும் சனியும் அடுப்பங்கரைச் சூட்டில் உட்கார்ந்து வேறொரு சிலந்தியிடம் புதிதாக இழுத்தேன், அம்மா கரண்டியோடு காவல் நின்றாள். காய்ந்த அரிசி போட்ட டப்பாவில் அதை அனுப்பியிருக்கிறேன். சுருங்கிய சட்டமும் கூடவே வருகிறது, எறிய மனமில்லை. ஆராய்ச்சிக்குக் காய்ந்ததை எடு. நனைந்ததை உன் மேஜையில் வைத்துக்கொள், நீ வரவேண்டும் என்று உன் அப்பனுக்கு எவ்வளவு ஆசை என்று அது சொல்லும்.

கர்த்தாகோ கோயில் மாதா உன்னைக் காப்பாள், நினைத்ததை முடித்து ஜெயித்துவிட்டு வா. ஒன்று மட்டும் மறக்காதே, டப்பாவைத் திறக்கும்முன் கையைத் துடைத்துக்கொள், கண்ணையும் துடைத்துக்கொள், அதற்கு ஈரம் ஆகாது.

இப்படிக்கு,
மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற உன் அப்பா,
எலாதியோ