வேலியோரக் குழாய்

ஒக்டோபர் 26, சனி

வியாழன் இரவிலிருந்து உறைபனியாம். அதற்குள் புல்தரைக்கடியில் ஓடும் ஸ்பிரிங்ளர் குழாய்களுக்குக் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். போன வருடம் அசட்டையாக விட்டதில் தண்ணீர் உறைந்து ஒரு குழாய் வெடித்து, வசந்தத்தில் நிலவறை முழுக்கத் தண்ணீர். "இன்னொருக்கா வெடிச்சால் வீட்டை வித்துப்போட்டு பிளாட்டுக்குப் போவம்" என்று மனைவி ஜெயகௌரி சொல்லிவிட்டாள். சும்மா சொல்கிறவள் இல்லை. முப்பது வருடத்தில் இந்த வீட்டைத் தவிர நான் என்ன கண்டேன்?

27, ஞாயிறு

இந்த நாட்டில் ஞாயிறு மெஷின் சத்தம் போடக்கூடாத நாள். காற்றடிக்கப் புதிதாக வாங்கிய கொம்பிரசரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

28, திங்கள்

கொம்பிரசர் கார் டயருக்குத்தான் லாயக்கு. மூன்று குழாய்கள் ஒருவாறு தண்ணீரைத் துப்பி ஓய்ந்தன. நாலாவது, வேலியோரம் போகும் நீளக் குழாய், கொஞ்சம் கக்கிவிட்டு நின்றது. தண்ணீர் உள்ளேதான்.

"மகேந்திரனிட்டப் பெரிய மெஷின் இருக்கு. தோட்ட வேலைதானே செய்யிறான், கேளுங்கோவன்" என்றாள் ஜெயகௌரி.

மகேந்திரன்! இந்த நாட்டுக்கு அகதியாக வந்த காலத்தில் நாலு வருடம் ஒரே அறையில் கிடந்தோம். அவன் மகள் மதுஜா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டு அழைப்பு எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில் — அட்டையின் படம். அவன் இருக்கும் ஓர்லிகோனிலிருந்து இங்கே ஓல்டனுக்கு ரயிலில் எவ்வளவு நேரம்? நேரே வந்து சொல்ல எனக்குப் பெறுமதியில்லையா? போகவில்லை. மூன்று வருடமாகக் கதையுமில்லை.

29

இரண்டு தோட்டவேலைக் கொம்பனிகளைக் கேட்டேன். நவம்பர் பன்னிரண்டாம் திகதிக்கு முன் ஆள் இல்லையாம்.

"அவன் முதல் கதைக்கட்டும்" என்றேன்.

"குழாய் வெடிக்கப்போறது அவன்ரை வீட்டில இல்லை."

30

கடைசியில் மகேந்திரனுக்கு எழுதினேன், இரண்டு வரி. ஒரு நிமிடத்தில் பதில்: 'ஓம் அண்ணை. நாளைக்கு மூண்டு மணிக்கு வாறன்.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது — நானும் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஜெயகௌரி சிரித்தாள். சிரிக்கட்டும்.

31, வியாழன்

வந்தான். தலை நரைத்துவிட்டது. என் கொம்பிரசரைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"இதாலையோ அண்ணை அடிச்சனீங்கள்? எஞ்சினியரிங் இரண்டு வருசம் படிச்சனான் எண்டு சொல்லிச் சொல்லி அந்த அறையில எங்களை நித்திரை கொள்ளவும் விடேல்லை!"

கோபம் வந்தது. அவன் சொன்னதில் பிழையும் இல்லை, அதுதான் கோபம். அவன் தன் மெஷினைப் பொருத்தினான், நான் நாலாவது வால்வைத் திறந்தேன். வேலியோரம் மண்ணிறத் தண்ணீர் சீறியது, பிறகு புகைபோல், பிறகு வெறும் காற்று.

தேத்தண்ணியை நின்றபடியே குடித்தான். போகும்போதுதான் சொன்னான்: "மதுஜா சாமத்தியவீட்டண்டு முழுக்கக் கேட்டவள், பெரியப்பா ஏன் வரேல்லை எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

நான் இவனைத் தண்டிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பிள்ளையை நினைக்கவேயில்லை. ஒருநாள்கூட.

நவம்பர் 1

மைனஸ் ஐந்து. வேலியோரம் புல் வெள்ளையாக விறைத்து நிற்கிறது. குழாய்கள் வெறுமையாக இருக்கின்றன.

நவம்பர் 8, வெள்ளி

நாளை மதுஜாவைப் பார்க்க ஓர்லிகோன் போகிறோம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்? கடையில் அரைமணி நேரம் சுற்றியும் தெரியவில்லை. மகேந்திரனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.