மிச்சம் வைத்த சோறு

புவனகிரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணிக்கு,

தில்லையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறார், நீங்கள் குளிப்பதாகச் சொல்கிறார். அதனால் கரும்பு லாரியில் நெல்லிக்குப்பம் வரும் சுப்புராயனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு, உங்கள் தம்பிக்கு, மறுபடியும் வயிற்றில் நீர் கட்டிவிட்டது. ஒரு சொட்டு குடிக்காத மனிதருக்குக் கல்லீரல் இப்படிக் கெட்டுப்போனதே என்று ஆத்திரமாக வருகிறது. சொந்தத்தில் யாராவது கல்லீரலில் ஒரு பங்கு கொடுத்தால் பிழைப்பார். நான்தான் கொடுப்பதாக இருந்தேன்.

போன வாரம் கடலூரில் எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதற்கு நாலு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. உள்ளே தள்ளி மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஊசி குத்தாமலே, கல்லீரலில் நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அந்த மெஷின் பிரித்து அளந்துவிடுகிறது. எனக்கு நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு கொழுப்பாம். இதை வெட்டி வைத்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்து, சாப்பாட்டைக் குறைத்தால் மூன்று மாதத்தில் கரையுமாம். இவருக்கு அத்தனை நாள் இல்லையாம்.

அப்படி என்ன தின்றேன் என்று யோசித்தேன் அண்ணி. ஒரு வருஷமாக இவருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. கஞ்சியோ பாலோ பொங்கலோ, கொட்ட மனம் வராமல் என் சாப்பாட்டுக்கு மேல் அதையும் நானே தின்றேன். இவர் இளைக்க இளைக்க நான் பெருத்தேன். புருஷன் படுத்திருக்க இவள் உடம்பைப் பார் என்று தெருவில் பேசினார்கள். காதில் வாங்காமல் இருந்தேன். அவர்கள் சொன்னதைத்தான் மெஷினும் சொல்லிற்று.

எங்கள் அருள்மொழி தான் கொடுப்பதாக அழுதாள். பதினெட்டு வயது ஆகாத பெண்ணிடம் எடுக்க மாட்டார்களாம்.

நேற்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட மட்டும் கேட்டுடாத. அதுக்கும் புள்ளைங்க இருக்குது" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் சின்னவன் பிறந்தபோது இவர்தான் உங்களுக்கு ரத்தம் கொடுத்தார் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வகை ரத்தம் என்று மாமியார் பெருமையாகச் சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலை சென்னை டாக்டர் கடலூர் வருகிறார். நாங்களும் அங்கேதான் இருப்போம். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிந்தால் தம்பியைப் பார்க்க வாருங்கள் அண்ணி. வந்தால், தயவுசெய்து வழியில் டீ கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
தில்லையம்மாள்