அண்ணாந்து குடித்த தண்ணீர்

பெரியவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கை வலி குறைந்ததா? வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து, கட்டிலில் ராஜா மாதிரி படுத்திருக்கிறேன். இனி கிரேன் கூண்டுக்குள் என்னை யாரும் பின்னாலிருந்து தள்ளி ஏற்ற வேண்டாம்.

ஒரு சின்னக் கூத்து மட்டும் நடந்தது. மருந்து மூடியில் தண்ணீர் கொடுத்து, உதட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சச் சொன்னார்கள். எச்சில் பண்ணாமல் குடித்தே பழகியவன் அல்லவா நான்? தாகம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரரின் பாட்டிலை வாங்கி அண்ணாந்துவிட்டேன். சுருங்கிய வயிறு சும்மா இருக்குமா? குபுக்கென்று எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இங்கே நம் பாஷை பேசும் நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். “என்னங்க, தொட்டியிலயா தண்ணி ரொப்புறீங்க?” என்று திட்டிக்கொண்டே துடைத்துவிட்டார்.

“உள்ள தையல் விட்டிருந்தா என்னம்மா பண்ணுவாங்க?”

“மறுபடி திறப்பாங்க. ஸ்கேன்ல தெரியும். பேசாம படுங்க.”

டாக்டர்கள் சுற்றி நின்று என் வயிற்றைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. புரண்டு படுக்கக்கூட மணியடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். சிரிக்கத்தான் எழுதுகிறேன், பயப்படாதே.

என் சட்டைகளைப் பிடித்துத் தைக்கப்போவதாகச் சொன்னாயே, கொஞ்சம் பொறு. நான் போன் போட்டால் எதுவும் விசாரிக்க வேண்டாம். தையல் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு நீ பாட்டுக்கு வேலையைப் பார். அது ஓடுகிற சத்தம் கேட்டால் போதும்.

ஸ்கேனுக்குக் கூட்டிப்போகத் தள்ளுநாற்காலி வந்துவிட்டது. மூடித் தண்ணீர் கேட்டேன். இப்போது அதுவும் கிடையாதாம்.

இன்னும் இளைக்காத,
உன் வீட்டுக்காரன்