மருந்துக் கொட்டிலில் ஆறு பேர்

1955 ஜனவரி 12, புதன்

இன்று மருந்துக் கொட்டிலில் இருந்தவர்கள்: டிஸ்பென்சர் முத்துலிங்கம் ஐயா. இருமலோடு வந்த மேட்டு லயத்து வரிசைவீட்டு வேலாயி. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியில் விரலை வெட்டிக்கொண்ட மூக்கன். பல் பிடுங்க வந்த இராமையா, எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். என் மகள் பேச்சியம்மா. அவள் மகன் அழகன். ஆறு பேர்.

மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. நாளைக்கு ஒருத்தர் “நான் அங்க இல்லவே இல்ல” என்றால் காட்டுவதற்கு. வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா தூக்கிப்போட்ட பழைய செக்ரோல் பேர்ப் புத்தகத்துக்குப் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அழகன் தோட்டத்துத் தப்பால்காரன். தினமும் தலவாக்கலை தபால் கந்தோருக்கு நாலு மைல் இறக்கம், நாலு மைல் ஏற்றம். மற்றவன் என்றால் நடப்பான், இவன் ஓடுவான். போன சித்திரைப் பந்தயத்தில் தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தான். பக்கத்துத் தோட்டத்துச் சின்னராசா முந்திவிட்டான். இந்த வருஷம் விடமாட்டேன் என்கிறான். முதலாவதாக வந்தால் அந்த மாதமே மகள் ராக்காயியைக் கட்டிக்கொடுப்பதாக இராமையாவும் வாய்விட்டிருக்கிறார்.

ஆனால் ஐப்பசி மழையில் பையோடு ஓடும்போது தொடை இடுக்கில் சுருக்கென்றது. இன்னும் விடவில்லை. ஏற்றத்தில் காலை இழுக்கிறான்.

“என்ன வருத்தம்?” என்று டிஸ்பென்சர் கேட்டார். அழகன் தரையைப் பார்த்தான். இருபத்திரண்டு வயசு, வெட்கம். நான்தான் சொன்னேன், வாசலில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

“அரையாப்புங்க ஐயா. மூணு மாசமா.”

“டவுனுக்குப் போறவனோ?”

“தினமும் போறான் ஐயா. ஒரு நாள் தவறமாட்டான்.”

யாரோ சிரித்தார்கள். நான் திரும்புவதற்குள் நின்றுவிட்டது. வேலாயியாகத்தான் இருக்கும்.

ஐயா தொட்டுப் பார்க்கவில்லை. புத்தகத்தில் எழுதினார். பத்து நாளைக்கு ஊசி என்றார். “ஓடலாமா ஐயா?” என்று அழகன் கேட்டான். “ஓடுறதால இதுக்கு ஒண்டும் இல்லை” என்றார்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். இராமையா வீட்டிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்குப் பல்வலி என்று சொல்லி அனுப்பினார்கள். பல்லைத்தான் புதன்கிழமையே பிடுங்கியாயிற்றே. இல்லாத பல் எப்படி வலிக்கும்?

ஜனவரி 19, புதன்

விடிந்து பார்த்தால் வாசற்படியில் ஒரு எலுமிச்சம்பழம். வேலாயி பேத்தி விளையாடிப் போட்டதாம். இருக்கட்டும்.

ஜனவரி 23, ஞாயிறு

பத்து ஊசியும் முடிந்தது. பிள்ளை உட்கார முடியாமல் நிற்கிறான், அவ்வளவுதான் பலன். இடுக்கு வலி அப்படியே இருக்கிறது. இருந்தும் நேற்றுப் பையோடு ஓடியிருக்கிறான். ஐயாதானே ஓடலாம் என்றார்.

அந்த மருந்து என்ன மருந்து? குப்பியைக் கேட்டேன், காட்டவில்லை. பழசாக இருக்குமோ? சின்னராசாவின் தோட்டத்துக்கும் இவர்தான் வாரத்தில் ஒரு நாள் போகிறார். அங்கே என்ன பேசிக்கொண்டு வருகிறாரோ.

பெப்ரவரி 2, புதன்

காலையில் பெரட்டில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது மூக்கன் சொல்லியிருக்கிறான்: “தப்பால் தூக்கிட்டுப் போனவன் டவுன்லேருந்து என்னத்தத் தூக்கிட்டு வந்தானோ.” களமே சிரித்ததாம். பேச்சியம்மா கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறாள்.

டவுன் சீக்காம். பொம்பளச் சீக்காம். என் பேரனுக்கு.

நான் சொன்னது அரையாப்பு. அரையில் கட்டுகிற வலி. துறையூர்ப் பக்கம் என் தாய்மாமனுக்கு வந்தது, நாங்கள் இலங்கைக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின வருஷம். எனக்கு அப்போது ஒன்பது வயசு. “மாமாவுக்கு என்னம்மா?” என்று கேட்டேன். “அரையாப்பு. அரையில கட்டிக்கிச்சு, நீ போய் வெளாடு” என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதை டவுன் சீக்காக மாற்றினது எவர்?

ஆறு பேரில் அழகனும் பேச்சியம்மாவும் இல்லை. மிச்சம் நாலு. மூக்கனுக்குத் தப்பால் வேலை மேலே கண். இராமையா மகளைக் கொடுக்கப் போகிறவர், தன் வீட்டுக்குத் தானே சேறு பூசுவாரா? டிஸ்பென்சர் பெரிய மனுஷன், லயத்துக்கு வந்து பேசமாட்டார். வேலாயி. வேலாயிதான்.

பெப்ரவரி 6, ஞாயிறு

தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கேட்டே விட்டேன். பத்துப் பேருக்கு முன்னால்.

“ஏண்டி, என் பேரனப் பத்தி என்னடி சொல்லிக்கிட்டுத் திரியிற?”

“நான் ஒண்ணும் சொல்லல காளியாயி. நீ சொன்னததான் ஊரே சொல்லுது.”

என்ன கொழுப்பு. நான் சொன்னதாம். முப்பத்தெட்டாம் வருஷம் இதே பீலியில் என் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தவள்தானே. அன்றைக்கும் “நான் தள்ளல, தானா நகந்துச்சு” என்றாள். அதையும் இன்றைக்குச் சேர்த்துக் கேட்டேன். “உன் வீட்டுத் தண்ணி இனிமே என் தொண்டையில இறங்காது” என்றும் சொல்லிவிட்டேன். அவள் இருமிக்கொண்டே போய்விட்டாள். பதில் இருந்தால் சொல்லியிருப்பாளே.

பெப்ரவரி 11, வெள்ளி

பையை வாங்கிவிட்டார்கள். டிஸ்பென்சர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தாராம். கடுதாசி தொடுகிற கையில் சீக்கு இருக்கக்கூடாதாம். பந்தயத்துக்குத் தோட்டத்துத் துரை எழுதிய பேர்ப் பட்டியலிலும் அழகன் பேரை அடித்தாயிற்று. பையை இப்போது மூக்கன் தூக்குகிறான். நடந்துதான் போகிறான்.

அழகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் வடிகிற கான் வெட்டப் போய்விட்டான்.

அவனையே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். எழுதத்தான் வேண்டும். தினமும் டவுனுக்குப் போகிறவன், யார் கண்டது? சோறு போடும்போது முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

பெப்ரவரி 27, ஞாயிறு

இராமையா வந்தார். நாங்கள் வைத்த வெற்றிலைத் தட்டைத் திருப்பி வைத்தார். பட்டிப்பொலையில் ரயில் ரோட்டு வேலை செய்கிறவனுக்கு ராக்காயியைப் பேசியாயிற்றாம்.

“என்னைய மன்னிச்சிக்கங்க அம்மா. பொம்பளப் புள்ளையப் பெத்தவன் நான்” என்றார்.

“டவுன் சீக்குன்னு உங்ககிட்ட சொன்னது யாருங்க?” என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நானும் அன்னைக்கு அங்கதானங்க இருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

அவரும் சேர்ந்துதான் செய்திருக்கிறார்.

மார்ச் 20, ஞாயிறு

கினிகத்தேனைக்குப் போனோம், நானும் அழகனும். ஹட்டன் வரை ரயில், பிறகு பஸ். முந்தி லயம் லயமாகச் சேலை மூட்டை சுமந்து வந்த பாவா இப்போது அங்கே கடை வைத்திருக்கிறார். ஒடிந்த எலும்புக்கும் பிசகின நரம்புக்கும் கைராசியான சிங்கள வைத்தியர், வெதமாத்தயா ஒருத்தர், கடைக்குப் பின்னால் இருக்கிறார் என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்குச் சிங்களம் சண்டை போடுகிற அளவுக்குத்தான் வரும். பாவாவே கூட வந்தார்.

“என்னன்னு சொல்லட்டும் ஆச்சி?”

“அரையாப்புன்னு சொல்லுங்க.”

பாவா அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. அழகனைப் பார்த்தார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஆச்சி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு வெளங்கித்தான் சொல்றீங்களா?”

“அரையில கட்டுற வலி. வேற என்ன?”

“இல்ல ஆச்சி. அது தப்பான எடத்துக்குப் போய்ட்டு வர்ற ஆம்பளைக்கு வர்ற கட்டி. இத வேற எங்கயாச்சும் சொன்னீங்களா?”

வேறு எங்கே சொன்னேன்? வேறு எங்கே.

வெதமாத்தயா அவனைப் பாயில் படுக்கவைத்து முழங்காலை மடக்கி, விரித்து, விரலால் ஒரு இடத்தை அழுத்தினார். அழகன் துள்ளினான். பை எந்தத் தோளில் தொங்கும் என்று கேட்டார். வலது தோள், இடது தொடையில் அடிக்கும். அவ்வளவுதான். தொடை வேரில் நார் கிழிந்திருக்கிறதாம், அதன் மேலேயே ஓடி ஓடி ஆறவிடாமல் செய்திருக்கிறானாம். எண்ணெய், இலைக்கட்டு. ஆடி வரைக்கும் ஓடக்கூடாது.

கடைசியில் அவர் சொன்னதைப் பாவா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “தைப் பொங்கலுக்கே வந்திருந்தா, சித்திரைக்கு ஓடியிருப்பானாம்.”

மார்ச் 21, திங்கள்

ஜனவரி 12-ஐத் திருப்பிப் படித்தேன். என் கையெழுத்து. “வாசலில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.”

மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு என்று எழுதினேன்.

அடுப்படியில் கட்டு மாற்றும்போது அழகனிடம் கேட்டேன். “உனக்கு அந்த வார்த்த தெரியுமாடா?”

“தெரியும் அம்மாயி.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான்.”

“அப்புறம் ஏண்டா வாயத் தொறக்கல?”

இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். “அத்தன பேருக்கு முன்னால, எங்க அம்மாயிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்லணுமா? ஐயா தொட்டுப் பாத்தா அவருக்கே தெரிஞ்சிரும்னு நெனச்சேன். அவரு தொடல.”

“பொறகாவது…”

“பொறகு சொன்னா யாரு நம்புவா? சீக்கு இல்லன்னுதான எவனும் சொல்லுவான். சீக்கு வந்தவனும் அததான் சொல்லுவான்.”

அவன் இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்க்காதது இதற்குத்தான். பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று. நான் அவனைச் சந்தேகப்பட்டேன்.

ஏப்ரல் 2, சனி

டிஸ்பென்சரிடம் போனேன். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள் என்றேன். “எழுதினது எழுதினதுதான். சொன்னது நீங்கள்தானே அம்மா” என்றார்.

“நான் வைத்தியம் படிக்காதவ ஐயா. என் சொல்ல எழுதுனீங்க. அவன் காலத் தொட்டுப் பாத்தீங்களா?”

புத்தகத்தை மூடினார். அடிக்கவில்லை.

ஏப்ரல் 4, திங்கள்

பெரட்டுக்குப் போனேன். நான் வேலைக்குப் பேர் கொடுப்பதை நிறுத்திப் பதினொரு வருஷமாகிறது. கண்டாக்கையா “என்ன கெழவி, கொழுந்தெடுக்க வந்தியா?” என்றார்.

“இல்லைங்க. ஒரு சங்கதி சொல்லிட்டுப் போயிடுறேன்” என்று சொல்லி எல்லாருக்கும் முன்னால் நின்றேன். சொன்னேன். அர்த்தம் தெரியாமல் அந்தச் சொல்லைச் சொன்னது நான். என் பேரன் காலில் நார்தான் கிழிந்திருக்கிறது. வேறு ஒரு சீக்கும் இல்லை. அவனுக்கு அன்றைக்கே தெரியும், என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டான்.

யாரோ ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு நிறையப் பேர். மூக்கன்தான் சத்தமாக. “அம்பது வருஷமா அதைய இடுப்பு வலின்னா கெழவி நெனச்சிச்சு?” சிரிக்கட்டும். அழகனைப் பார்த்துச் சிரித்ததைவிட என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

வேலாயி சிரிக்கவில்லை. வரிசையில் நின்று இருமிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 15, வெள்ளி

பந்தயம். சின்னராசாதான் முதலாவது. அழகன் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு நடந்து வந்தான்.

மே 22, ஞாயிறு

ராக்காயி கல்யாணம். பட்டிப்பொல ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள். இராமையா எங்கள் வீட்டுக்குள் வந்து, “நீங்க பெரட்டுல சொன்னத ரெண்டு மாசம் முந்திச் சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்கவிடவில்லை.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

காலையில் அழகன் தலவாக்கலை ரோட்டில் ஓடினான். பை இல்லாமல். பை மூக்கனிடமே இருக்கிறது, துரை திருப்பித் தரவில்லை. நான் கோயில் மேட்டில் நின்று பார்த்தேன். இரண்டு வளைவு வரைக்கும் தெரிந்தான். காலை இழுக்கவில்லை. திரும்பி வந்து “வலிக்கல அம்மாயி” என்றான். முகத்தைப் பார்த்துச் சொன்னான். அடுத்த சித்திரைக்குப் பேர் கொடுத்திருக்கிறானாம்.

பீலியில் வேலாயிக்கு இருமல் தாங்கவில்லை. அவள் குடத்தை நான் தூக்கி முன்னால் வைத்தேன். முப்பத்தெட்டாம் வருஷத்துக் குடத்தை விட்டுவிட்டேன். மூக்கனை விட்டுவிட்டேன், இராமையாவையும். தொடாமல் எழுதின முத்துலிங்கம் ஐயாவைக்கூட, இன்றைக்கு வேண்டாம், ஒரு நாள் விட்டுவிடுவேன்.

ஜனவரியில் எழுதின பேர்களை மறுபடி எண்ணினேன். ஆறு பேர் என்று எழுதியிருக்கிறேன். தப்பு. அன்று கொட்டிலில் ஏழு பேர். ஒருத்தியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அவளைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

காளியாயி.